அம்சம் நட்ட அமெரிக்கா

1969-ஆம் வருஷத்துச் சம்பாவில், நாணற்குடி மிராசுதார் பஞ்சநதத்தின் ஏழு மா நிலம், நடவு முடிந்த பதினோராம் நாள் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் வரப்பு எதுவும் கிடையாது. ஆனாலும் வடக்கே பாய்ச்சிய தண்ணீர் பாதி வயல் வந்ததும் நின்று, கொஞ்சம் யோசித்து, வந்த வழியே திரும்பிப் போயிற்று. தென்பாதிக்குத் தனியாக மடை வெட்டி வேறு வாய்க்காலிலிருந்து தண்ணீர் விட்டபிறகுதான் அங்கே பயிர் பச்சை பிடித்தது. அந்த வருஷம் திருவாரூர் பக்கம் உரத்துக்குத் தட்டுப்பாடு. ஊரில் பாதிப்பேர் அதைக் காரணமாகச் சொன்னார்கள். மீதிப்பேர் பஞ்சநதத்தின் ஜாதகத்தைச் சொன்னார்கள். நட்ட பெண்களுக்கு மட்டும் விஷயம் தெரியும். அன்றைக்கு அம்சம் பாடியது அமெரிக்காவின் உள்நாட்டுப் போர். தெற்கு மாநிலங்கள் பதினொன்று பிரிந்துபோன இடத்தில் பொழுதாகிவிட்டது, அப்படியே விட்டுவிட்டுக் கரையேறியிருந்தார்கள்.

அம்சம் அப்போது ஐம்பதைத் தாண்டியவள். நடவுக்கு ஆள் சேர்த்து, வரிசைக்கு முன்னால் நின்று பாட்டு எடுத்துக்கொடுப்பவள். அவள் ஒரு அடி பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாட, அந்த அளவுக்குத்தான் நாற்று மண்ணில் இறங்கும். நாணற்குடியில் நடவுப் பாட்டுக்கு இரண்டு சட்டம் உண்டு. பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொன்னால் பயிர் பால் பிடிக்காது. நடவு நடக்கும்போது வருகிறவர் யாராயிருந்தாலும் அவர் காலடியில் பெண்கள் ஒரு நாற்று முடிச்சை வைத்து மறிப்பார்கள். பாட்டு முடியாமல் அதைத் தாண்டக்கூடாது. கலெக்டரே ஒருமுறை அப்படி அரைமணி நேரம் வெயிலில் நின்றார் என்பார்கள். நாணற்குடிக்காரர்கள் பலதும் சொல்வார்கள்தான், ஆனால் நெல் விஷயத்தில் பொய் சொல்வதில்லை.

எழுத்து அவளுக்கு நாற்பத்தெட்டாவது வயதில் வந்தது. ஊர்ப் படிப்பகத்தில் கொடிகட்டிக் கட்சிப் பத்திரிகை போட்டிருந்த காலம். மத்தியான இடைவேளையில் அங்கே முதியோர் கல்வி வகுப்பு நடந்தது. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதும் மற்ற பெண்கள் நின்றுவிட்டார்கள். அம்சம் நிற்கவில்லை. பாடப்புத்தகம் மொத்தமே பதினொரு பக்கம். அதை ஏழு தடவை படித்துவிட்டு, அடுத்து என்ன என்று கேட்டாள். அடுத்தது எதுவும் அரசாங்கத்திடம் இல்லை.

ஜெகபர் அலியிடம் இருந்தது. சைக்கிளில் புடவை மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் வியாபாரி அவர். நாகப்பட்டினம் துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு மரப்பெட்டியை, கனத்தைப் பார்த்துப் பினாங்குக் குடைகள் என்று நம்பி ஏலத்தில் எடுத்திருந்தார். பிரித்தால் நாற்பது புத்தகங்கள். நாற்பதும் ஒரே புத்தகம். எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில், நல்ல தமிழில், அமெரிக்க அரசியல் சரித்திரம். மனிதர் ஒரு வாரம் பெட்டிக்கு அடியில் குடையைத் தேடினார். பிறகு புடவைக்கு ஒன்று இனாம் என்று கொடுக்கத் தொடங்கினார். வேண்டாம் என்று சொன்னவர்களே அதிகம். சிலர் புடவையையும் வேண்டாம் என்றார்கள்.

“அக்கா, ஒண்ணு எடுத்துக்கங்க. கனம் இருக்கு, தலைக்கு வெச்சுக்கலாம்” என்றார் அம்சத்திடம்.

“எழுத்து இருக்குல்ல? அது போதும் பாய்” என்றாள் அவள்.

முதல் நாற்பது பக்கம் வரை அவள் அதைப் பக்கத்து ஊர்ச் சமாசாரம் என்றே நினைத்திருந்தாள். பாஸ்டன், பிலடெல்பியா எல்லாம் வேதாரண்யத்துக்கு அந்தப்புறம், உப்பளம் தாண்டி எங்கோ இருக்கவேண்டும் என்பது அவள் கணக்கு. உப்பு வாரப் போனபோது பார்த்த கடல்தானே அதிலும் வருகிறது! வரிக்குக் கோபப்பட்டு அந்த ஊர்க்காரர்கள் கப்பலிலிருந்து முந்நூற்றுநாற்பத்திரண்டு பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டிய கதையைப் படித்ததும் அவளுக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் நடவில் அதையே பாட்டாகக் கட்டினாள். பெண்கள் கேட்டுவிட்டு, கொட்டினது சரி, கொட்டுவதற்குமுன் ஆளுக்கு ஒரு வாய் குடித்திருக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வயலில் எட்டு நாள் தண்ணீர் தேநீர் நிறத்தில் நின்றது. அதைக் குடித்த பஞ்சநதத்தின் உழவுமாடுகள் எட்டு நாளும் கண்மூடவில்லை. அம்சத்தின் புருஷன் காத்தான்தான் மாடுகளுக்குக் காவல். “அந்த ஊர்க்காரன் சண்டைய நம்ம வயல்ல ஏன்டி நடுற?” என்று கேட்டான். “கதை கேட்டா மண்ணும் கேட்டுக்குது, நான் என்ன பண்றது?” என்றாள் அவள்.

உண்மையும் அதுதான். மண் கேட்டுக்கொண்டது. அரசியல் சட்டம் எழுத ஐம்பத்தைந்து பேர் கூடினார்கள், அதில் முப்பத்தொன்பது பேர்தான் கையெழுத்துப் போட்டார்கள் என்று பாடி நட்ட வயலில், நட்ட குத்து ஒவ்வொன்றிலும் ஐம்பத்தைந்து தூர் கிளைத்து, முப்பத்தொன்பது மட்டும் கதிர் விட்டது. விவசாய இலாகா ஆள் வந்து எண்ணிப் பார்த்து, நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைத் தானே கிழித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆயிரத்து எண்ணூறாம் வருஷத் தேர்தலில் முப்பத்தாறு தடவை ஓட்டுப் போட்டபிறகே தலைவர் யார் என்று முடிவானது. அதைப் பாடிய வயலில் கதிர் முப்பத்தாறு தடவை தலையை நீட்டி, உள்ளே போய், பிறகு வெளியே வந்தது. இரண்டாகப் பிரிந்த ஏழு மாவையும், களை எடுக்கும்போது தெற்குச் சேனை சரணடைந்த அத்தியாயத்தைப் பாடி அம்சமே ஒன்றுசேர்த்தாள். இதற்கெல்லாம் பஞ்சநதம் பழகிவிட்டார். விதை விடுமுன் காரியக்காரரை அனுப்பாமல் தானே வரப்புக்கு வந்து, “அம்சம், அடுத்து என்ன அத்தியாயம்? அதுல தண்ணிக் கஷ்டம் ஒண்ணும் இல்லையே?” என்று விசாரித்துக்கொள்வார். விளைச்சல் எந்த வருஷமும் குறையவில்லை; அதனால் அவருக்கு அமெரிக்காமேல் வருத்தமும் இல்லை. திருவாரூர்ப் பொதுக்கூட்டத்தில் ஒரு பேச்சாளர் அடிமை முறையை ஒழித்த வருஷத்தைத் தப்பாகச் சொன்னபோது, கூட்டத்தில் எழுந்து “ஆயிரத்து எண்ணூத்தி அறுவத்தஞ்சுங்க” என்று திருத்தியவள் அம்சம். பேச்சாளர் திருத்திக்கொண்டு, தன் கழுத்திலிருந்த துண்டை அவளுக்குப் போடச் சொல்லி அனுப்பினார். அதைக் காத்தான் நான்கு வருஷம் கட்டினான்.

ஒரே ஒரு இடத்தில்தான் பாட்டு தடுக்கியது. மாநிலத்துக்கு எத்தனை ஜனம் என்று எண்ணும்போது, அடிமைகளில் ஐந்து பேரை மூன்று பேராகக் கணக்கில் வைத்துக்கொள்வது என்று அந்த ஐம்பத்தைந்து பேரும் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். அம்சம் அதைப் பாடினாள். வரிசையில் யாரும் திருப்பிப் பாடவில்லை. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த ராமாயி, அம்சத்தின் எதிர்வீட்டுக்காரி, நிமிர்ந்து கேட்டாள்: “அஞ்சு பேருல மூணுன்னா, மீதி ரெண்டு பேரு எங்கக்கா போனாங்க?”

அம்சம் அன்று இரவு விளக்கைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அடுத்த பக்கங்களைத் தேடினாள். எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்திலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. யாருக்காக என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

பக்கத்து வட்டாரத்தில் கூலி கேட்டதற்காகக் குடிசையோடு மனிதர்கள் எரிந்த காலம் அது. அதைப் பாட்டில் வைக்க அம்சத்துக்கு வாய் வரவில்லை. மண் கேட்டுக்கொள்ளுமே என்ற பயம். ஊருக்கு ஊர் சங்கம், ஊருக்கு ஊர் போலீஸ். அப்புறம் 1971-இல் சென்னையிலிருந்து ஒரு சட்டம் வருகிறது என்றார்கள். மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருப்பவர்களுக்கு அந்த மனை சொந்தம். ஆனி மாதம் ஐந்தாம் தேதி யார் எங்கே குடியிருக்கிறாரோ அதுதான் கணக்கு. நாணற்குடிக் கீழத்தெருவில் இருபது குடிசை. பஞ்சநதம் கெட்டவர் என்று சொல்ல முடியாது. நிலம் என்றால் மட்டும் அவருக்குக் கை மூடிக்கொள்ளும். கீழத்தெருவில் பன்னிரண்டு வீடுதான் உண்டு, மற்ற எட்டும் தன்னுடைய மாட்டுக் கொட்டகை என்று தாலுக்கா ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தார். கொட்டகைகளைப் பிரித்துக்கொள்ள கோர்ட்டில் உத்தரவும் வாங்கினார். ஆனி நான்காம் தேதிச் சாயங்காலத்துக்குள் பிரித்துவிட வேண்டும் என்று அதில் இருந்தது. அந்த எட்டில் ஒன்று ராமாயி வீடு, ஒன்று அம்சத்தின் வீடு.

இருபதைப் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டதும் அம்சம் விரலை மடக்கிப் பார்த்தாள். ஐந்துக்கு மூன்று. கணக்கு கொஞ்சமும் பிசகவில்லை. அவள் புத்தகத்தை எடுத்து, அறுநூற்று நாற்பதாம் பக்கத்துக்குப் போனாள்.

அங்கே அந்த நாட்டுப் பெரிய சபையின் வழக்கம் ஒன்று எழுதியிருந்தது. பேச எழுந்தவர் உட்காராமலும் நிறுத்தாமலும் இருக்கும்வரை, பிடிக்காத தீர்மானத்தை ஓட்டுக்கு விட முடியாது. என்ன பேசுகிறார் என்று யாரும் கேட்கக்கூடாது. ஒருவர் சிப்பி வறுவல் செய்யும் பக்குவத்தைக்கூடச் சொல்லியிருக்கிறார். சபை கலையாதவரை வெளியே எத்தனை நாள் கழிந்தாலும் உள்ளே அதே நாள்தான். இந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு பெரிய மனிதர், கறுப்பு ஜனங்களின் ஓட்டுரிமைக்குக் குறுக்கே நின்று இருபத்துநாலு மணி நேரம் பதினெட்டு நிமிஷம் பேசினார். படித்த அன்றைக்கு அம்சம் புத்தகத்தைத் தூக்கி மூலையில் எறிந்திருந்தாள். இப்போது அவள் சொன்னது வேறு. “பாதை என்ன பாவம் பண்ணிச்சு? அதுல போனவன் பொல்லாதவன். அதுலயே நாம போவோம்” என்றாள் காத்தானிடம்.

“எட்டு வீடு நிக்குமா?” என்று காத்தான் கேட்டான்.

“மண்ணு கேட்டா நிக்கும்.”

ஆனி மூன்றாம் தேதி மத்தியானம், கோர்ட் உத்தரவை நிறைவேற்ற அமீனா நாகநாதன் வந்தார். கூடவே பஞ்சநதம், பின்னால் கடப்பாரையோடு நான்கு ஆட்கள். நாகநாதன் நல்ல மனிதர். முப்பது வருஷ சர்வீஸில் ஸ்தலத்தில் கேட்ட எதையும் எழுதாமல் விட்டதில்லை. ஒருமுறை குயில் கூவியதைக்கூட எழுதியதற்காக மேலிடத்தில் திட்டு வாங்கியவர். கீழத்தெருவுக்குப் போக வழி ஒன்றுதான், ஏழு மாவின் வரப்பு. அன்று ஏழு மாவில் குறுவை நடவு. அம்சம் குரலெடுத்ததும் ராமாயி ஓடிவந்து, அமீனாவின் காலடியில் ஒரு நாற்று முடிச்சை வைத்தாள். அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டப் பார்த்தார்.

“தாண்டாதீங்க சார்!” என்று கத்தியவர் பஞ்சநதம். “பாட்டு ஆரம்பிச்சாச்சு. என் குறுவையே போயிடும். ஒரு அரைமணி நில்லுங்க, முடிச்சிடுவாங்க.”

நாகநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி பத்து நிமிஷம். குறிப்பேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

அம்சம் முதலில் அந்த அறுநூற்று நாற்பதாம் பக்கத்தைப் பாடி நட்டாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி, கப்பல்கள் கரை தட்டியதிலிருந்து தொடங்கினாள். தேயிலை போயிற்று, பிலடெல்பியாவில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பேசினார்கள், முப்பத்தாறு தடவை ஓட்டுப் போட்டார்கள், தெற்கு பிரிந்தது, சேர்ந்தது, விடுதலையானவர்களுக்கு ஆளுக்கு நாற்பது ஏக்கர் தருவதாகச் சொன்னார்கள், கொடுத்ததையும் பிடுங்கிக்கொண்டார்கள். இந்த இடத்தில் பஞ்சநதம் இருமினார். பெண்களுக்கு ஓட்டு வந்தபோது வரிசை முழுவதும் குலவையிட்டது. எவ்வளவு நட்டாலும் எதிர்வரப்பு அதே தூரத்தில் இருந்தது. நாற்று முடிச்சும் குறையவில்லை. காத்தான் நீராகாரம் கொண்டுவந்து கொடுத்தான், நின்றபடியே குடித்தாள். நாகநாதன் ஒரு குறிப்பேடு முடிந்து இரண்டாவதைத் திறந்தபோது கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி பத்து நிமிஷம். குலுக்கிப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. பனைமரத்தின் நிழல் அவர் செருப்பின்மேல் விழுந்திருந்தது, அது நகரவேயில்லை. கடப்பாரை ஆட்கள் வரப்பில் குந்தி, கொஞ்ச நேரத்தில் அவர்களும் பின்பாட்டுப் பாடத் தொடங்கினார்கள்.

வெளியே நாட்கள் வழக்கம்போல நடந்தன. ஜெகபர் அலி பட்டுக்கோட்டைச் சந்தைக்குப் போகும்போதும் வரும்போதும் நான்கு நாளும் அந்தச் சாலையில் சைக்கிளில் போனார். நாலு நாளும் அதே ஆட்கள் அதே இடத்தில், அதே வெயிலில் நின்றார்கள். நாலு நாளும் கைகாட்டினார். பாய் ஒரு தடவைதான் கைகாட்டினார் என்று அவர்கள் பிறகு சொன்னார்கள்.

எழுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் முடிந்துவிட்டது. அம்சம் அசராமல் நத்தைக் கறி செய்யும் பக்குவத்தைச் சொன்னாள். நாகநாதன் மிளகு எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு கெண்டைமீன் குழம்பு. அதுவும் முடிந்தது. அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. தொண்டை கட்டிவிட்டது, கால் மரத்துவிட்டது. முதல்முறையாக வயலில் சத்தம் நின்றது. பனைமர நிழல் ஒரு விரற்கடை நகர்ந்தது. அமீனா ஒரு காலைத் தூக்கினார். அம்சத்தின் கண்ணெதிரே அவள் கூரை தெரிந்தது, போன மாதம்தான் கீற்று மாற்றியிருந்தார்கள்.

பின்வரிசையிலிருந்து ராமாயி கேட்டாள்: “அஞ்சு பேருல மூணுன்னா, மீதி ரெண்டு பேரு எங்கக்கா?”

அம்சம் நிமிர்ந்தாள். குரல் எங்கிருந்தோ வந்தது. முதல் வீடு கோவிந்தராசு வீடு, என்று எடுத்தாள். அவன் அப்பன் கூலிக்கு வெட்டியதுதான் வடக்கு வாய்க்கால், அதில்தான் இந்த ஏழு மா குடிக்கிறது. இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு. யார் எந்தப் புயலுக்குப்பின் குடிசை போட்டார், எந்த வீட்டில் யார் பிறந்தார், யார் பாம்பு கடித்துச் செத்தார், எந்த வீட்டு முருங்கையில் காய் கசக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குத்து நட்டார்கள். பன்னிரண்டாம் வீடு முடிந்தது. பஞ்சநதம் வானத்தைப் பார்த்தார். பதின்மூன்றாம் வீடு என்று அம்சம் தொடர்ந்தாள். பத்தொன்பதாவது ராமாயி, வேதாரண்யத்து உப்பளத்திலிருந்து வாழ வந்தவள். இருபதாவது அம்சம், காத்தான். மூன்று பிள்ளை பெற்று மூன்றையும் கட்டிக்கொடுத்த வீடு. பிறகு பாட்டை விட்டு, பேச்சாகவே சொன்னாள்:

“மாட்டுக் கொட்டாயின்னு எழுதிக் குடுத்திருக்கீங்க ஐயா. எங்ககிட்ட ஒரு மாடு இருந்திருந்தா நாங்க ஏன் உங்க நடவுக்கு வரோம்?”

கடப்பாரை ஆட்கள் சிரித்துவிட்டார்கள். நாகநாதன் அதையும் எழுதினார். பஞ்சநதத்துக்கு முகம் சுருங்கியது. அவமானம்தான், வேறு எதுவும் இல்லை. வெயிலில் நின்று நின்று அவருக்கு நாக்கு வறண்டிருந்தது. எதிர்வரப்பு இன்னும் கிட்டே வரவில்லை. எதிரில் அவருடைய ஏழு மா குறுவை, பாதிப் பாட்டில்.

“இது முடிய நான் என்ன செய்யணும்?” என்று கேட்டார்.

“இருபதுன்னு எழுதி கையெழுத்துப் போடுங்க. முடிச்சிடுறேன்.”

பஞ்சநதம் கொஞ்ச நேரம் பயிரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கூரைகளைப் பார்த்தார். பிறகு நாகநாதனின் ஐந்தாவது குறிப்பேட்டில், ‘ஸ்தலத்தில் வீடுகள் இருபது’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அம்சம் கடைசி நாற்றை வைத்தாள். வரப்பு வந்துவிட்டது. நிழல் சரசரவென்று நீண்டது, காக்கைகள் கூட்டுக்குப் போயின. அம்சம் சேற்றிலேயே உட்கார்ந்தாள். சாலையில் வந்த ஜெகபர் அலி சைக்கிளை நிறுத்தி, “என்ன சார், நாலு நாளா நிக்கிறீங்க? இன்னிக்கித் தேதி ஏழாச்சே!” என்றார். நாகநாதன் உத்தரவை எடுத்துத் தேதியைப் படித்துப் பார்த்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இருபது வீட்டுக்கும் பட்டா வர மூன்று வருஷம் ஆயிற்று. குடியிருந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்ட ஒவ்வொரு அதிகாரிக்கும் நாகநாதனின் ஐந்து குறிப்பேடுகளைக் காட்டினார்கள். தாலுக்கா ஆபீசில் அந்தக் கட்டு இன்னும் இருக்கிறது. வேலைக்குப் பரீட்சை எழுதும் குமாஸ்தாக்கள் அமெரிக்க வருஷங்களைச் சரிபார்க்க அதைத்தான் எடுக்கிறார்கள். நத்தைக் கறிப் பக்கத்தில் மட்டும் எண்ணெய்க் கறை. ஆனி மாதம் மூன்றாம் தேதி கீழத்தெருவில் சாயங்காலம் வர இப்போதும் நாலு நாளாகிறது. தெரிந்த விஷயம் என்பதால் பெண்கள் வடகத்துக்கும் மிளகாய்க்கும் முன்கூட்டியே பாய் விரித்துவிடுகிறார்கள். வேதாரண்யத்திலிருந்து ராமாயியின் தம்பி கருவாட்டைக் கொண்டுவந்து காயவைத்துக்கொண்டு போகிறான்.

அந்தக் குறுவை ஆவணியில் கதிர் முற்றியது. விவசாய இலாகா ஆள் மறுபடியும் வந்தார், இந்தத் தடவை நோட்டு கொண்டுவரவில்லை. ராமாயிதான் வரப்பில் குந்தி, முதல் குத்தைக் கையில் பிடித்து, ஒவ்வொரு தூராக விலக்கி எண்ணினாள். தூர் இருபது. கதிரும் இருபது. அடுத்த குத்தை எண்ணினாள், அதற்கடுத்ததையும் எண்ணினாள். அம்சம் அறுவாளோடு காத்துக்கொண்டு நின்றாள்.

“மீதி இல்லக்கா” என்றாள் ராமாயி. பிறகு இருவரும் இறங்கி அறுக்கத் தொடங்கினார்கள்.